ரெஸ்காவின் காலிக் கட்டம்

இந்தக் காலத்து ஜனங்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு மலைக்குப் போவதைப் பெரிய தவம் மாதிரி பேசுகிறார்கள். அதற்கொரு விளம்பரச் சீட்டு. அதில் பல் தெரியச் சிரிக்கும் நரைத்த தலைகள். பார்த்தாலே கஷ்பெருக்கு எரிச்சல். வாலிபத்தில் அவருக்குக் கார் வாங்க வக்கில்லை. இப்போது எழுபத்தெட்டு வயதில் டாக்டரம்மா லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். இதில் என்ன தவம்?

அவர் போக நினைத்தது வேறு காரணத்துக்காக. மனைவி ரெஸ்காவின் மலைப் புத்தகம். ஒவ்வொரு மலைக் குடிலுக்கும் ஏறிப்போய் அங்கேயே முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ரெஸ்கா எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள், ஒர்லிட்சா உச்சிக் குடிலைத் தவிர. அன்றைக்கு மழை, பாதியில் திரும்பினார்கள். "அடுத்த வருஷம்" என்றார் கஷ்பெர். அப்படியே பதினொரு வருஷம் சொன்னார். இந்தப் பிப்ரவரியில் அவளைப் புதைத்தார்கள்.

அவள் பாதி ஏறிவிட்டாள், மீதிப் பாதியை நான் ஏறினால் சரியாகிவிடும் என்பது அவர் முடிவு.

ஸ்டேஷன் பக்கத்துச் சாராயக் கடையில் திட்டம் போட்டார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற லோய்ஸே, தையல்காரி சில்கா, அவர். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

"மூணு நாள்," என்றார் கஷ்பெர். "திங்கக்கிழமை ரயிலு, பஸ்ஸு, ஏரிக்கரையில தூக்கம். செவ்வாய் உச்சி. புதன் வீடு."

"ரயிலு ஆறு நாப்பதுக்கு. பிந்தினா பஸ் உனக்காக நிக்காது," என்றார் லோய்ஸே.

"நான் எப்போடா பிந்தினேன்?"

"உன் கல்யாணத்துக்கு."

புத்தகத்தின் தையல் விட்டிருந்தது. "குடு, நூல் போட்டுத் தர்றேன்," என்று சில்கா கை நீட்டினாள்.

"கிழிச்சிடாதே."

"உன் கால்சட்டைக்கே ஒட்டுப் போட்டவடா நான். அதை விடவா இது கிழிஞ்சு கிடக்கு?"

கொடுத்தார். காலிக் கட்டம் இருந்த பக்கத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து தன் பெயருக்கு வந்த கடிதம் ஒன்றை அடையாளத்துக்குச் செருகியிருந்தார். உறையைப் பிரிக்கவில்லை. நல்ல சேதியென்றால் போன் பண்ணுவார்கள். கெட்ட சேதியைக் காகிதத்தில் வேறு படிக்க வேண்டுமா?

அடுத்த வாரம், அதே கடையில், தொல்லை ஆரம்பித்தது.

"எனக்கு முட்டி வலி," என்றார் லோய்ஸே. "செங்குத்துப் பாதை ஆகாது."

"போன வாரம் ஆடு மாதிரி குதிச்சியே!"

"அது போன வாரம்."

கஷ்பெர் பல்லைக் கடித்துக்கொண்டு பாதையை மாற்றினார். காட்டு ரோடு, சரிவு குறைவு, ஆனால் சுற்று. மூன்று நாள் நாலு நாளானது.

"நாலு நாளா?" சில்கா எழுந்தே விட்டாள். "என் கோழிங்களுக்கு யாரு தீனி வைப்பா? குடில்ல ஒரே ரூம்ல பதினாறு பேரு. உன் குறட்டை வேற. என்னால ஒரு ராத்திரி கூடத் தங்க முடியாது."

சரி, தங்க வேண்டாம், ஒரே நாள் என்றார். லோய்ஸே அட்டவணையைப் புரட்டினார். கடைசி பஸ் மூன்று பத்துக்கு. அதற்குள் போய்த் திரும்பக்கூடியது பாதி வழியில் இருக்கும் பால்காரன் குடில்தான்.

"அங்க புளிச்ச பாலும் சோளக் களியும் நல்லா இருக்கும்," என்றாள் சில்கா.

"முத்திரை?" என்றார் கஷ்பெர்.

லோய்ஸே அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பால்காரன்கிட்ட மாட்டுக்குக் குத்துற முத்திரைதான் இருக்கும். ரெஸ்கா புத்தகத்துல அதையா குத்தறது? நீங்க வேண்டாம். நான் தனியாப் போறேன்."

"போகாதே!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"என் முட்டிக்குத் துணை வேணும்டா," என்று லோய்ஸே தழுதழுத்தார்.

நொண்டியைத் தனியே விடுவதா? கஷ்பெர் ஒப்புக்கொண்டார். பால்காரன் குடிலிலிருந்து நழுவி மேலே போய்விடலாம், புத்தகம் சில்காவிடம் இருந்தால் என்ன, முத்திரையை ஒரு தாளில் குத்தி வந்து பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

போன அன்று மேகம் ஏரி வரை இறங்கியிருந்தது. இருபது அடிக்கொரு தரம் கஷ்பெர் நின்றார்.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"வலிக்குது. கொஞ்சம் நிப்போம்."

ஏறும்போது லோய்ஸேவுக்கு இடது கால் நொண்டியது. இறங்கும்போது வலது கால்.

நடுவில், களி தின்று முடித்ததும், "ஒண்ணுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கஷ்பெர் உச்சிப் பாதையில் கால் வைத்தார். முதல் மேட்டிலேயே நெஞ்சு இறுகியது. ஒரு கல்லில் உட்கார்ந்தார். மேலே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. "காத்தே கெட்டுப்போச்சு," என்று மலையைத் திட்டிவிட்டு, கல்லைப் பிடித்து எழுந்து திரும்பினார். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. சில்கா துணியில் சுற்றிய புத்தகத்தை அவர் கையில் வைத்தாள்.

"வீட்டுல போய்ப் பிரி."

கீழே பஸ் நின்றிருந்தது. மற்ற இருவரும் கை கழுவப் போனார்கள். டிரைவர் கஷ்பெரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீங்கதானா அது, பெரியவரே? போன ஞாயித்துக்கிழமை இவங்க ரெண்டு பேரும் உச்சி வரைக்கும் ஏறி இறங்கி, கிளம்பிட்ட என் பஸ்ஸை ஓடியே புடிச்சாங்க. இதயம் சரியில்லாத சிநேகிதரை எதுவரைக்கும் கூட்டிட்டு வரலாம்னு கேட்டாங்க, பால்காரன் குடிலைத் தாண்டாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

கஷ்பெர் அங்கேயே துணியைப் பிரித்தார். புது நூல். கடைசிக் கட்டத்தில் ஒர்லிட்சா முத்திரை, கொஞ்சம் சாய்வாக. பக்கத்தில் ஆஸ்பத்திரி உறை. ஓரம் தையல்காரியின் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

கடிதத்தை எடுக்கவில்லை. முத்திரையை மட்டும் முகர்ந்து பார்த்தார்.

"போலி. உருளைக்கிழங்குல செதுக்கிக் குத்தியிருக்காங்க," என்றார். "அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கிறேன்."

புத்தகத்தை உள்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். இருபது அடி போய், மாடுகளைப் பார்ப்பதுபோல் நின்றார். பிறகு இன்னும் இருபது அடி.