வைத்துவிட்டுப் போகச் சொன்ன காணிக்கை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இயேசுவின் இரக்கத்தால் இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க, தினமும் செபமாலையில் ஒரு மணியை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். மூன்று வருடமாக நாம் பேசிக்கொள்ளாவிட்டாலும் அதை நிறுத்தவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன ஞாயிறு காலை உன் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். வீடு பூட்டியிருந்தது. "உங்க அண்ணன் ஒரு வெள்ளிப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சிட்டு நின்னாரு, புத்தி பிசகிடுச்சு போல" என்று யாராவது உன்னிடம் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியார் இளவயசு. விசுவாசத்தை ஆர்வத்தோடு, அன்போடு, நோக்கத்தோடு வாழுங்கள் என்று வாராவாரம் சொல்கிறார். ஆர்வம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. நோக்கத்துக்கும் குறைவில்லை; முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், எங்கே போகிறோம் என்று தெரியாமல் யாரையும் வண்டியை எடுக்க விட்டதில்லை. அன்பில்தான் கொஞ்சம் இடிக்கிறது என்பது உன் அண்ணியின் அபிப்பிராயம். அன்று பூசையில் காணிக்கையாக வைக்கும் அப்பப் பெட்டியைப் பீடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. வெள்ளைத் துணி போட்டு மூடிய பெட்டியோடு கடைசி பெஞ்சில் தயாராக இருக்கிறேன், நற்செய்தி வாசிக்கிறார்கள்: காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு. கேட்டதும் உன் நினைவுதான் வந்தது. நமக்குள் என்ன தகராறு? அப்பாவின் அடக்கப் பூசையில் நான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ மைக் வயரைப் பிடுங்கினாய். நாற்பது நிமிடம் பேசினேன் என்று ஊரெல்லாம் சொன்னாயாம், முப்பத்தெட்டுதான். சரி, போகட்டும் என்று முடிவெடுத்தேன். காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது, எல்லோரும் பீடத்தைப் பார்த்து நடந்தார்கள், நான் மட்டும் வாசலைப் பார்த்து நடந்தேன்.

பஸ் ஏறி மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகுதான் பெட்டி இன்னும் என் கையிலேயே இருப்பது உறைத்தது. இறங்கித் திரும்பினால் மனசு மாறிவிடும் என்று என்மேலேயே எனக்குப் பயம், அதனால் போய்க்கொண்டே இருந்தேன். அந்த டிரைவருக்கு வளைவில் வேகத்தைக் குறைக்கத் தெரியவில்லை. மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பழகியவனாயிற்றே, ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் தரையை மிதித்ததில்தான் இந்த முழங்கால் போச்சு. வெள்ளைத் துணி, வெள்ளிப் பெட்டி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைப்பு. ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, மெதுவான குரலில், "யாருங்க?" என்றார். "தம்பிக்காகங்க" என்றேன். "ஐயோ! சின்ன வயசா?" "என்னைவிட ஆறு வயசு சின்னவன். மூணு வருஷமா பேச்சுவார்த்தையே இல்ல." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேங்க. இனிமே யாருகிட்ட போய்ப் பேசுவீங்க?" அப்போதுதான் பெட்டியில் உன் அஸ்தி இருப்பதாக நினைக்கிறார் என்று புரிந்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன், பெட்டியைத்தான் இன்னும் இறுக்கிக்கொண்டேன். தம்பி, எனக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் தடவை.

உன் பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டபடி, "காலையிலயே கோயிலுக்குப் போனாரு, இன்னும் காணோமே" என்றார். நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். இங்கே கோயிலில் களேபரம். மீதி அப்பம் இருந்த அலமாரியின் சாவியோடு கோயில்பிள்ளை என்னைத் தேடி சைக்கிளில் கிளம்பிவிட்டாராம். பாடகர் குழு காணிக்கைப் பாட்டை ஏழு தடவை பாடி, ஆர்மோனியக்காரர் எட்டாவதுக்கு மறுத்துவிட்டாராம். சாமியார் கோபிக்கவில்லை. "வச்சிட்டுப் போங்கன்னுதாங்க இயேசு சொன்னாரு, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லல" என்றார். வீட்டுக்கு வந்தால் அடுத்த அநியாயம்: வாசற்படியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் திராட்சை இரசம், மேலே மடித்த துணி! குடிக்காத மனுஷன் வீட்டு வாசலில் இதை யார் வைப்பது? கீழ்வீட்டுத் தையல்காரரின் குறும்புதான் என்று அவரைக் கூப்பிட்டு, மரியாதை என்றால் என்ன என்று விலாவாரியாக விளக்கினேன். அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார், நான் விடவில்லை.

ஆக, சமாதானத்துக்கு நான் என் பங்கைச் செய்தாயிற்று. என் முழங்காலே சாட்சி. இனி நீதான் வர வேண்டும்; மைக் விஷயத்தில் தப்பு உன்னுடையது என்று ஒரு வரி சொன்னால் போதும், மன்னிக்கத் தயாராக இருக்கிறேன். மாதாவின் பரிந்துரையால் உன் வீட்டில் எந்தக் குறையும் வராதிருக்கட்டும். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

இப்படிக்கு,
உன்மேல் எந்த வருத்தமும் இல்லாத அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அண்ணி அந்தக் குப்பித் துணியைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூலையில் சிவப்புச் சிலுவை. அப்பா நினைவாக அவளே தைத்து உங்கள் கோயிலுக்குக் கொடுத்த துணி. உலகம் முழுக்க எல்லாக் கோயிலிலும் ஒரே ஞாயிறு ஒரே நற்செய்திதான் வாசிப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லையே! தையல்காரரிடம் ஓடினேன். "உங்க மூக்கு, உங்க நடை. குப்பிய கையில வச்சிட்டு ஒரு மணி நேரம் நின்னாருங்க. அத சொல்லத்தான் வாயத் திறந்தேன், நீங்க எங்க பேச விட்டீங்க?" என்றார். நான் காணிக்கை அப்பத்தை எடுத்துக்கொண்டு உன் வாசலில், நீ காணிக்கை இரசத்தை எடுத்துக்கொண்டு என் வாசலில். அப்பா பெற்ற இரண்டுக்கும் வசனம் பாதிதான் காதில் விழும்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அன்று மைக் பக்கத்தில் நாலாக மடித்த ஒரு தாளோடு நின்றாயே, அப்பாவைக் கடைசி வருடம் முழுக்கக் குளிப்பாட்டியவன் நீ; நான் முடிக்கவே இல்லை, நீ அதை வாசிக்கவே இல்லை. வயரை நீ பிடுங்கியது சரிதான். இந்த ஞாயிறு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், பிரேக்கில் கால் வைக்க மாட்டேன்.