கொரியாக்காரன் அழுகை

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அக்காள் மகன் காதுகுத்துக்கு மாமன் சீர் செய்ய, வட்டிக்கு விடும் முப்பிடாதியம்மாளிடம் சுடலைக்கண்ணன் வாங்கிய கடனில் பாக்கி. சீரே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் மனைவி மாலதி. கடன் விஷயம் அவளுக்குத் தெரியாது.

நாளைக் காலை வீட்டுக்கே வருவதாக முப்பிடாதியம்மாள் சொல்லிவிட்டாள். பிழைக்க வந்த ஊரில் அவர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் அந்த அம்மாள் கத்திவிட்டுப் போன வாசலில் ஒரு வாரத்துக்குக் காகம்கூட உட்காராது.

அதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் மாலதியின் மனசை இளக்க வேண்டும்.

அவள் எதற்கு இளகுவாள் என்பது அவள் போனில் இருந்தது. கொரியாவில் பாடி ஆடும் மின்-ஜே என்ற பையனை வைத்து நம் ஊர்ப் பெண்கள் தமிழில் கதை கதையாக எழுதுகிறார்களாம். அதைப் படித்துத்தான் தினமும் உருகுகிறாள்.

மாலதி தண்ணீர் பிடிக்கப் போனதும் போனை எடுத்தார். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு தேய்ந்த பிறகு, தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவர். விரல் வைத்துக் கூட்டினார்.

'மின்-ஜே பா...த்...தி...ரம் கழுவினான்.'

மறுபடி கூட்டினார். கழுவினான்தான். ரோஸ் கலர் முடி, கண்ணில் மை, வாசலில் நாலு கார். அவன் பாத்திரம் கழுவினான். கதாநாயகியின் காலைப் பிடித்துவிட்டான். அடுத்த பக்கத்தில் வாசல்நிலையில் சாய்ந்து, உதடு நடுங்க அழுதே விட்டான்! கீழே பெண்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: 'இவன்தான் ஆம்பள.'

சுடலைக்கண்ணனுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் எழுந்தார்.

மாலதி திரும்பி வந்தபோது அவர் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் இடுப்புக் குடம் நழுவியது.

"என்னத்த ஒடச்சீய?"

"ஒண்ணும் ஒடைக்கலட்டி."

"பின்ன எதுக்குப் பாத்திரம் வெளக்குதீய?"

அவளை உட்கார வைத்துக் காலைப் பிடித்துவிட்டார். அவள் துள்ளி எழுந்து கழுத்தைத் தடவினாள். தாலி இருந்தது. பெட்டியைத் திறந்தாள். கம்மலும் இருந்தது. அதன்பிறகுதான் நிஜமாகவே பயந்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு? மறைக்காதீய. எத்தன நாளு தாங்குமாம்?"

இனி பாக்கி ஒன்றுதான். சுடலைக்கண்ணன் வாசல்நிலையில் சாய்ந்து அழுதார்.

மாலதி போட்ட கூச்சலில் சந்து கூடிவிட்டது. எதிர் டீக்கடை கரீம் பாட்சா ஓடிவந்தார்.

"அரே சொடல பாய், க்யா ஹுவா, என்னாச்சு? யாரு போய்ட்டாங்க? பாடி எப்ப வருது? பெஞ்ச் எடுத்துப் போடவா?"

"போகல அண்ணே, போகப் போறாரு!" என்று மாலதி தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முப்பிடாதியம்மாள் வந்து நின்றாள்.

"சொடல சாகக் கெடக்கானாமே! எம் பணம் ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

மாலதியின் அழுகை பட்டென்று நின்றது.

"எந்தப் பணம்?"

"காதுகுத்துச் சீருக்கு வாங்குனது" என்றார் சுடலைக்கண்ணன், குக்கர் மூடியைப் பார்த்தபடி.

"அதுக்குத்தானா இந்தக் கால் பிடியும் கண்ணீரும்?"

"நீ வாசிக்கியே, அந்தக் கொரியாக்காரன் இப்படித்தானே செய்யுதான்? நீயும் உருகுதியே!"

மாலதி போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். கரீம் பாட்சா தூக்கிய பெஞ்சைக் கீழே வைக்க மறந்தார். முப்பிடாதியம்மாளின் குரல் மட்டும் திடீரென்று இறங்கியது.

"எந்தப் பாகத்தலே வாசிச்சே?"

"அழுத பாகம்க்கா. எழுத்துக் கூட்டி முழுசா வாசிச்சேன். ஆம்பள எங்கயாச்சும் அப்படி அழுவானா? ஆம்பளயக் கண்ணால பாக்காத எவளோ எழுதியிருக்கா!"

சந்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

முப்பிடாதியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எவளோ இல்லலே, நாந்தான் எழுதுதேன், போன மாசம் எங்க வீட்டு நிலையில சாஞ்சு தவண கேட்டு நீ அழுதியே, அதுக்குத்தான் மின்-ஜேன்னு பேரு வச்சேன், பொம்பளையெல்லாம் உருகிப் போனாளுக, அந்த அழுகைக்குக் கூலியா உன் கடன் தீந்துச்சு, போ."