நூறு கிராம் ஓரிகானோ

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு முப்பத்தாறு வயதுவரை கிடையாது. அதற்குப் பிறகுதான் வந்தது. வரவழைத்தது, பீட்சாவோடு சும்மா கொடுக்கிற ஒரு சின்ன பாக்கெட்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்து லாரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரே காரணத்தால் எங்கள் தெருவில் நான் விஷயம் தெரிந்தவன். யாருக்கு முட்டி வலித்தாலும் என்னிடம் வருவார்கள். நானும் போனைத் தடவிப் பார்த்து, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். (நான் படித்தது பி.காம். அதிலும் இரண்டு பேப்பர் இன்னும் நிற்கிறது.)

வசந்தா அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கல்மண்டபம் பக்கம் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்கிறாள். என்னைப் படிக்க வைத்தது அந்த மீன் கூடைதான். நான் வேலைக்குப் போன பிறகும் அவள் கூடையை இறக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே முன்னறையில் இருக்கிறாள்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்துவிட்டது. ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் உடம்பில் ரத்தம் ஏறினால்தான் மயக்க மருந்தே கொடுக்க முடியும் என்றார் டாக்டரம்மா. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் கீரை சாப்பிடச் சொன்னார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு தேதியும் குறித்தார்.

அந்தத் தேதியை அக்காதான் கேட்டு வாங்கினாள். சித்திரை பிறந்தால் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை மாதிரி அக்காவுக்கு வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் ஓய்வு.

"போட்டெல்லாம் நிக்க சொல்லவே நானும் ஆஸ்பத்திரில படுத்து எழுந்துக்கறேன். போட்டு கடலுக்குப் போவ சொல்ல நானும் கூடைய எடுத்துப்பேன்" என்றாள். வாழ்நாளில் தனக்காக அவள் போட்ட ஒரே திட்டம் அது. அதைக் கெடுத்தவன் நான்.

மாத்திரை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், வயிற்றுப் பொருமல். இதை டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார். அவளோ தெரு வழக்கப்படி என்னிடம் சொன்னாள்.

நான் போனை எடுத்தேன். எந்தெந்த உணவில் எவ்வளவு இரும்புச்சத்து என்று ஒரு பட்டியல் கிடைத்தது. நூறு கிராம் பசுங்கீரைக்கு எதிரில் ஒரு சின்ன எண். பீட்சாமேல் தூவுகிற காய்ந்த ஓரிகானோ இலை நூறு கிராமுக்கு எதிரில் அதைவிடப் பல மடங்கு பெரிய எண். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த ரகசியம் தெரியாமலா ஊரே கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பரிதாபப்பட்டேன்.

இதில் இன்னொரு வசதி, ஓரிகானோவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பீட்சாவோடு வருகிற அந்தப் பாக்கெட்டை யாரும் பிரிப்பதும் இல்லை, எறிவதும் இல்லை. எங்கள் ஆபீஸில் எந்த மேஜை டிராயரைத் திறந்தாலும் பழைய பேனா மூடிகளுக்கு நடுவில் நாலு கிடக்கும். ஒரே நாளில் ஒரு டிபன் பாக்ஸ் நிறையச் சேர்த்துவிட்டேன். சூப்பர்வைசர் தன் பங்குக்கு மிளகாய்ப் பாக்கெட்டையும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஒரு பாக்கெட்டைக் கிழித்து அக்காவின் மீன் குழம்பில் தூவினேன்.

"இன்னாடா இது, செத்தையக் கொண்டாந்து கொட்ற" என்றாள்.

"செத்தை இல்லக்கா, மூலிகை. கீரைய விடப் பல மடங்கு சத்து. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கீரையே வேணாம்."

அக்காவுக்குக் கீரை என்றாலே ஆகாது. முகம் மலர்ந்துவிட்டது. "மாத்திரை?" என்று கேட்டாள்.

"அதுவும் வேணாம். இதுலயே எல்லாம் கீது" என்றேன். சொன்னதோடு நிற்காமல் மாத்திரைப் பட்டைகளை எடுத்து டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் டிராயரில் போட்டு மூடினேன். அந்த டிராயர் மூடிய சத்தம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் மனைவி செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இத்தயும் போடு, கீரையும் போடு. கீரைய ஏன் நிறுத்தணும்?" என்றாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? கீரைல இன்னா கீது, பாதிக்கு மேல தண்ணிதான்."

விடை என் வாயிலிருந்தே வந்து விழுந்தது. என் காதில்தான் விழவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அக்கா ஓரிகானோ சாப்பிட்டாள். கேழ்வரகுக் கூழில் சாப்பிட்டாள். வஞ்சிரம் வறுவலில் சாப்பிட்டாள். ஒரு நாள் டீயில் போட்டுக் குடித்துவிட்டுத் தம்ளரை இரண்டு முறை கழுவிக் கவிழ்த்தாள். படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று இரண்டு முறை சொன்னாள். சத்து ஏறும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். (இதைப் போனில்கூடப் பார்க்கவில்லை. சொந்தச் சரக்கு.)

குறித்த நாளுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். அக்கா ஒரு பையில் புதுப் புடவை, சோப்பு, தம்ளர் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அப்படியே சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "முன்னைவிட ரத்தம் இன்னும் இறங்கியிருக்கே. மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "ஒத்துக்கல டாக்டரம்மா. நானாதான் நிறுத்திட்டேன்."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். நானும் திருத்தவில்லை. மாறாக, இப்போது என் கண்டுபிடிப்பைச் சொன்னால் நிலைமை சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு அறிவு. போனில் பட்டியலைத் திறந்து டாக்டரம்மா முன்னால் நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து இரண்டு பாக்கெட் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் பட்டியலைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நூறு கிராமுக்கு உள்ள கணக்கு. இந்தப் பாக்கெட்ல எவ்வளவு இருக்கும்?"

புரட்டிப் பார்த்தேன். ஒரு கிராம்கூட இல்லை.

எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அந்தப் பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஏலக்கூடத்தில் மீனைத் தூக்கிப் பார்ப்பது போல எடை பார்த்தாள்.

"டேய், காரப்பொடி மீனு மூணு கூடை காயப்போட்டா எத்தினி கூடை கருவாடு வரும்?"

"ஒரு கூடை" என்றேன்.

"மீதி இன்னா ஆச்சு?"

"தண்ணி. காஞ்சி பூடுச்சு."

"அப்போ கூடைக்குக் கூடை வெச்சிப் பாத்தா கருவாட்லதான் சத்து ஜாஸ்தி தெரியும். அதுக்குன்னு மீன் துன்றவனுக்குக் கருவாட்டு வாலக் கிள்ளிக் குடுத்துட்டு, இதான் ஒஸ்தின்னு சொல்வியா? கீரைன்னா ஒரு சட்டி துன்னுருப்பேன். இத்த நூறு கிராம் துன்னணும்னா நான் மாடாதான் பொறக்கணும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூட லீவெல்லாம் கடற்கரையில் வலையை விரித்து மீன் காயப்போட்டு, ஒரு குச்சியோடு உட்கார்ந்து காக்கா ஓட்டியவன் நான். காலையில் பரப்பிய மீன் நாலாம் நாள் சுருங்கிச் சருகாகிக் கோணிக்குள் அடங்குவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன். பாக்கெட்மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததால் அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா சொன்னார். "இந்த ரத்தத்தை வச்சு நான் கத்தி எடுக்க முடியாதும்மா. வேற மாத்திரை தர்றேன். குறைஞ்சது ரெண்டு மாசம் ஆகும்."

அக்கா விரல்விட்டு எண்ணினாள். இரண்டு மாதம் என்றால் தடைக்காலம் முடிந்துவிடும். படகெல்லாம் கடலுக்குப் போய்விடும். "சரிங்கம்மா" என்றாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் தண்டையார்பேட்டை தாண்டும்போது மன்னித்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்றுவரை சொல்லவில்லை.

தடைக்காலம் முடிந்து முதல் மீன் வந்த அன்றைக்கே அக்கா கூடையை எடுத்தாள். இரண்டு மாதம் ஆள் இல்லாமல் கிடந்த தெருமுனை, இன்னும் விட்டால் வேறு யாராவது பலகை போட்டுவிடுவார்கள் என்றாள். நான் தினமும் விடியற்காலை அவளோடு காசிமேட்டுக்குப் போய்க் கூடை சுமந்தேன். மீன் வாடை தாங்காமல் ஆபீஸில் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி மெல்ல மெல்ல நகர்ந்து சுவரோரம் போய்விட்டது. அதெல்லாம் பெரிய தண்டனை இல்லை. ஒரு நாள் ஏலக்கூடத்தில் ஜனங்களுக்கு நடுவே அக்கா தலை சுற்றி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெள்ளையாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒருவழியாக ரத்தம் ஏறி, மழைக்காலம் தொடங்கும் முன் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். படுக்கையிலிருந்தபடி என் மனைவியிடம் தினமும் கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கட்டிலோரம் நான் நின்றால் மட்டும் கொஞ்சம் சத்தமாக மென்றாள்.

இப்போது தெருவில் என்னிடம் யாரும் முட்டி வலிக்கு யோசனை கேட்பதில்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து, "எத்தினி கிராமுக்கு?" என்று கேட்கிறார்கள். என் மகள் பிறந்தநாளுக்குப் பீட்சா வாங்கினால், எல்லோரும் பாக்கெட்டைப் பிரிக்காமல் வரிசையாக என் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு அக்கா கதையை ஆரம்பிப்பாள். வந்திருக்கும் விருந்தாளிகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்கள். டீயில் போட்டுக் குடித்ததைச் சொல்லும்போது அவளே சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்துவாள்.

எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடச் சேர்ப்பாள். டிபன் பாக்ஸ் இப்போது அண்டாவாகியிருக்கிறது. மாத்திரையை நான் டிராயரில் போட்டு மூடியதை மட்டும் அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.