நூற்றுப் பத்து நல்ல பாட்டில்கள்

காலிப் பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காட்டூரில் அந்த இனத்துக்குத் தலைவர் சம்பந்தம். அவருக்குக் கொஞ்சம் நெல் வயல், கோமளா என்று ஒரு மனைவி, மாட்டுக் கொட்டகைப் பரணில் நூற்றுப் பத்து பாட்டில்கள்.

"நல்ல பாட்டிலு. இருக்கட்டும்" என்பார்.

சும்மா இருந்தால் பரவாயில்லை. எதையும் வாங்கிய டப்பாவிலேயே விட்டுவைக்க அவருக்குப் பொறுக்காது. நெல்லில் விழும் புகையானுக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆரஞ்சுக் கலர் பாட்டிலுக்குப் போகும், சைக்கிளில் விற்க வருபவரிடம் வாங்கிய ஃபினாயில் பன்னீர் சோடா பாட்டிலுக்குப் போகும், காலியான பூச்சிமருந்து டப்பாவில், மூடி இறுக்கமாக இருக்கிறதென்று, விளக்கெண்ணெய் குடியேறும். மேலே ஒரு சீட்டு ஒட்டக் கூடாதா?

"இன்னாத்துக்கு? எதுல எது கீதுனு எனக்குத் தெரியாதா?"

கதிர் விடும் பருவம். உச்சி வெயிலில் வயலிலிருந்து வந்தவர், கோமளா குடிக்க வாங்கி வைத்த கலர் என்று நினைத்து ஒரு பாட்டிலை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். முகம் கோணிற்று.

"இன்னாய்யா குடிச்ச?"

"தெர்ல."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெசிந்தா முதலில் கேட்டதும் அதைத்தான். கோமளா மருந்து டப்பாவை நீட்டினாள். ஜெசிந்தா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"அது வெளக்கெண்ண" என்று திருத்தினார் சம்பந்தம், எச்சில் ஒழுக.

"அப்ப மருந்து எதுல?"

"ஆரஞ்சுல... இல்ல, அது போன வருசம்."

கோமளாவுக்கு அழுகை பொங்கியது. நூற்றுப் பத்தும் மனப்பாடம் என்ற மனுஷனுக்கு உயிர் போகிற நேரத்தில் ஒன்றுகூட நினைவில்லை. நல்லவேளையாக டாக்டர் டப்பாவை நம்பவில்லை. சுருங்கிப்போன கண்மணியைப் பார்த்தே இது பூச்சிமருந்துதான் என்று புரிந்துகொண்டு ஊசி போட்டார்.

பக்கத்துக் கட்டிலில் சுண்ணாம்புக்குளத்துத் தங்கவேல். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைப் படகில் தாகத்தோடு குடித்தவர். "பூச்சி அடிக்கிற மாசத்துல பாதி வார்டு பாட்டில் கேசுதாம்மா" என்றாள் ஜெசிந்தா.

மூன்று நாள் கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒரு பாட்டில் விடாமல் ஒழித்துக் கட்டுவதென்று தீர்மானித்திருந்தாள். நான்காம் நாள் காலை சம்பந்தம் கண் தெளிந்து, தலைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸை வெகுநேரம் பார்த்தார். பிழைத்துவிட்டார் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"சிஸ்டர், இது காலியானா தூக்கிப் போட்ருவீங்களா? நல்ல பாட்டிலு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் குளியலறை மூலையில், தண்ணீர் பாட்டிலில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதே, அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். சரி, வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?