மிலிகாவின் பெட்டி இளைத்த கதை

“முடி காயவைக்கிற மெஷினா? எடுத்துக்கோ உனைசி, எடுத்துக்கோ!” என்று அப்பா அபிசாய் சொல்லி முடிப்பதற்குள், அது அவர் தங்கையின் மடிக்குப் போய்விட்டது.

மெஷின் மிலிகாவுடையது; ஆனாலும் தடுக்க முடியாது. சொந்தக்காரர் ‘கெரெகெரே’, அதாவது ‘எனக்குக் குடேன்’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், பிஜிக்காரன் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் தீவு தீவாக மானம் போகும்.

“அப்பா, இந்த ஊர்ல சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கரண்டே!” என்று வெளியே வந்ததும் பொரிந்தாள்.

“அந்தக் கொஞ்ச நேரத்துல காயவச்சுக்கட்டுமே.”

நைராய் தீவில் இன்னொரு அத்தையின் மகள் தோரிகாவுக்குக் கல்யாணம். சரக்குக் கப்பலில் மேல்தளத்து டிக்கெட், வழியெல்லாம் சொந்தக்காரர் வீடு. இது அப்பாவின் சிக்கன ஏற்பாடு. “நம்ம ஆளுங்க இருக்கிற தீவுல காசு குடுத்து ரூம் போட்டா, மூஞ்சியில காறித் துப்புவாங்க” என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

தலைநகர் சுவாவில் பேங்க் வேலையில் இருந்த மிலிகா சரியென்று தலையாட்டிவிட்டு, பாதி வீட்டைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்குச் சக்கரம் உண்டு. மணலில் உருளத்தான் மாட்டேன் என்றது. ஒவ்வொரு தீவிலும் இடுப்பளவுத் தண்ணீரில் அதை அப்பாதான் தோளில் சுமந்து கரையேற்றினார். “பொண்ணைத் தூக்க விட்டா என்னைத்தான் சிரிப்பாங்க” என்று முனகிக்கொண்டே சுமந்தார்.

பெட்டியின் அடியில் மஞ்சள் கவுன் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மற்றது போனாலும் போகட்டும், அது மட்டும் தப்பினால் போதும் என்று மிலிகா வேண்டிக்கொண்டாள்.

அடுத்த தீவில் பழைய துணிகளை மேலே பரப்பி, நல்லதையெல்லாம் அடியில் ஒளித்தாள்.

“ஏம்மா, அடியில ஒரு மடக்கு நாற்காலி இருக்காமே? கெரெகெரே!” என்றார் இலைத்தியா சித்தப்பா.

“உங்களுக்கு யார் சொன்னது?”

“கடல் காத்துல சேதி பறக்கும்மா” என்றார் அப்பா, தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு. நாற்காலியோடு பாட்டுப் பெட்டியும் போயிற்று.

மூன்றாவது தீவில் பெட்டியைக் கயிற்றால் வரிந்து கட்டி, சாவியும் தொலைந்துவிட்டது என்று சாதித்தாள்.

“அடப் பாவமே! மாத்துத் துணிக்கு என்னம்மா பண்ணுவே?” என்று பதறிய பெரியப்பா, தேங்காய் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தார். கயிறு அறுந்தது, பூட்டு தெறித்தது. விளக்கு பெரியப்பாவுக்கு, கம்பளி பெரியம்மாவுக்கு, மஞ்சள் கவுன் தவிர மற்றத் துணியெல்லாம் அவர்கள் பெண்களுக்கு. போகிற போக்கில், “கயிறும் நல்லா இருக்கே” என்று அதையும் சுருட்டிக்கொண்டார்.

மிலிகாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பில் இருப்பதை எவன் கேட்பான் என்று மஞ்சள் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கப்பலில் கொப்பரை மூட்டைக்கும் ஒரு பன்றிக்கும் நடுவில், காற்றில் ஈர முடி பறக்க, நைராய் வந்து சேர்ந்தாள்.

கரையில் தோரிகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அடியே! கவுனு தங்கமாட்டம் ஜொலிக்குதேடி!”

கவுனும் போச்சு என்று மிலிகா நினைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் காலிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோரிகாவின் காலில் செருப்பில்லை. காதோரம் ஒரே ஒரு பூ. சந்தோஷம் மட்டும் முகம் கொள்ளாமல் வழிந்தது. மெஷின் இல்லாமலே தன் முடி காய்ந்திருப்பது மிலிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“எடுத்துக்கோடி. மனசாரச் சொல்றேன். எனக்கு இடுப்புல சுத்திக் கட்டிக்க ஒரு சுலுத் துணி குடு, போதும்.”

தோரிகா விழித்தாள்.

“கவுனை யாருடி கேட்டா? மாமா எனக்குப் போன்ல ஒதுக்கினது பெட்டிதானே! ‘உள்ள இருக்கிறதை வழியில ஆளுக்கொண்ணா கேட்டு வாங்கிக்கச் சொல்லிட்டேன், பெட்டியை நீ கேட்டுரு தாயி, திரும்பிப் போறப்ப தூக்க என் முதுகு தாங்காது’ன்னாரே!”