வில்மாவின் குளிர்கால ஜாகை

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று ஃபோல்க்கே முடிவு செய்துவிட்டார். கல்யாணமான நாள் முதல் அவர் எதை நல்லது என்று சொன்னாலும் மனைவி குன்வோர் அதை வேண்டாம் என்றிருக்கிறாள். மஞ்சள் திரைச்சீலை, நாய்க்குட்டி, தெற்கே போய் வெயில் காயும் பயணம் எல்லாம் அப்படிக் கைநழுவிப் போனவைதான். ஆக, வேண்டாததைப் புகழ வேண்டும். வேண்டியதைத் திட்ட வேண்டும். வேண்டியது தானாக வந்து மடியில் விழும். இவ்வளவு எளிய சூத்திரம் ஒரு மனிதனுக்குத் தலை நரைத்த பிறகுதான் பிடிபடுகிறது.

விஷயம் படகைப் பற்றியது. அவருடைய பாய்மரப் படகின் பெயர் வில்மா. பெண் பெயர்தான், ஆனால் அவர் வைத்ததில்லை, வாங்கும்போதே இருந்தது. படகின் பெயரை மாற்றினால் கடல் கோபித்துக்கொள்ளும் என்று மாற்றாமல் விட்டார். மாற்றாததால் வீட்டில் யார் கோபித்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக வில்மா கோடையில் மிதந்ததும், குளிர்காலத்தில் கரையேறி உட்கார்ந்ததும் ஊர்க்கோடியிலிருந்த பழைய படகுத்துறையில்தான். ஸ்வீடன் கடற்கரையில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் போதும், அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த அடுக்குமாடி முளைத்துவிடும். அந்தத் துறைக்கும் அதே கதி. கடல் உறைவதற்குள் எல்லோரும் படகை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மற்றவர்களுக்குப் படகின் இடம் போகிறதே என்று கவலை. ஃபோல்க்கேவுக்குச் சனிக்கிழமை போகிறதே என்று கவலை.

குன்வோருக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் ஸ்தூரே. கோடையில் தன் தோட்டத்தை விட்டு நகர மாட்டார். குளிர் ஆரம்பித்தால் சனிக்கிழமைதோறும் தங்கை வீட்டுக்குக் காலைக் காப்பிக்கு வருவார், இருட்டிய பிறகு போவார். இடையில் பேசுவார். அவர் வீட்டைச் சூடாக்க ஒரு பம்பு வைத்திருக்கிறார். அது வெளியே இருக்கிற காற்றிலிருந்து எப்படிச் சூட்டைப் பிடிக்கிறது, போன வாரம் என்ன சத்தம் போட்டது, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய பம்பு ஏன் வெறும் தகரம் என்பதையெல்லாம் பேசுவார். கேட்கிறவர் தூங்கினாலும் அவருக்கு வருத்தமில்லை. எழுந்து ஓடினால்தான் வருத்தம்.

ஓடுவதற்கு ஃபோல்க்கேவிடம் ஒரு காரணம் இருந்தது. கரையேறிய படகின் அடியில் பழைய பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். உப்புத்தாளும் கையுமாகச் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவார். போய், தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து, படகின் அறைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, பிளாஸ்க்கில் காப்பியும் பட்டை மணக்கும் பன்னுமாக ரேடியோ கேட்பார். வருஷா வருஷம் அவர் சொன்ன அளவுக்கு நிஜமாகவே தேய்த்திருந்தால் வில்மா இந்நேரம் அப்பளமாகியிருக்கும். குன்வோர் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அண்ணனோடு தனியாக உட்கார்ந்திருப்பாள். அதற்காகச் சில சமயம் ஃபோல்க்கேவுக்கு மனசு உறுத்தும். இரண்டாவது பன் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

இப்போது இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று அல்ஷேர் தீவு. ஃபெர்ரி ஏறிப் போக வேண்டும். திறந்த வெளியில் படகுகள் நிற்கும், கோடையில் படகைக் கட்ட நல்ல மிதவை உண்டு, செல்போன் எடுக்காது. ஓரமாக ஒரு மரக்கொட்டகை, அதில் விறகு அடுப்பு. படகு தேய்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து தேய்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஃபோல்க்கே ஒருமுறை ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டு மனசை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். இன்னொன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய பெரிய ஹால். சமையலறை ஜன்னலிலிருந்து அதன் கூரை தெரியும். அது ஒன்று போதாதா, அந்த இடம் உதவாது என்பதற்கு?

ஆகவே சாப்பாட்டு மேஜையில் அவர் ஹாலைப் புகழ்ந்தார். கூரையைப் புகழ்ந்தார். பனி, காற்று, கடல்காக்கை எச்சம் எதுவும் படகின் மேல் படாது என்றார். தீவு ஒன்று இருக்கிறது, ஆனால் அது மனுஷன் போகிற இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். குன்வோர் உருளைக்கிழங்கின் தோலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டையும் பாத்துடலாம். நானும் வர்றேன்” என்றாள்.

ஃபோல்க்கேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகு வாங்கிய நாளிலிருந்து அது நிற்கும் இடத்தை எட்டிப் பார்க்காதவள். இப்போது என்ன வந்தது? கேட்டால் சந்தேகப்படுவாள். கேட்காவிட்டால் தனக்கு மண்டை வெடித்துவிடும். கேட்கவில்லை.

முதலில் ஹாலுக்குப் போனார்கள். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அத்தனை சுத்தம். நிர்வாகி தோர்னி மடிப்புக் கலையாத நீல உடையில் வந்து வரவேற்றார். ஃபோல்க்கே கதவைத் தட்டிப் பார்த்து ஆஹா என்றார், விளக்கை அண்ணாந்து பார்த்து அடடா என்றார். அந்த மும்முரத்தில், குன்வோர் தோர்னியைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்ததை அவர் தாமதமாகத்தான் கவனித்தார். அவள் கேட்க, தோர்னி தலையாட்ட, அவள் மறுபடி கேட்க, அவர் இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

“என்ன கேட்டே?”

“சும்மா. கதவைப் பத்தி.”

“கதவைப் பத்தி என்ன?”

“நல்ல கதவுன்னார்.”

இந்தப் பதில் ஃபோல்க்கேவின் இரண்டு நாள் தூக்கத்தைத் தின்றது.

அடுத்து தீவு. ஃபெர்ரியில் ஏறும்போதே அவர் வசை பாட ஆரம்பித்துவிட்டார். காற்றைத் திட்டினார். சேற்றைத் திட்டினார். நன்றாக இருந்த மிதவையைக் கூட, சங்கிலி துருப்பிடித்தது என்று வாய் கூசாமல் சொன்னார். துறையை நடத்தும் ஸ்வேயா என்கிற அம்மாள் குன்வோரைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனாள். ஃபோல்க்கே, இடத்தின் மேல் தனக்கு வெறுப்பு என்பதைக் காட்டுவதற்காக வெளியிலேயே நின்று நடுங்கினார். உள்ளே மீன் சூப்பின் வாசனை. கொஞ்ச நேரத்தில் குன்வோர் சிரிக்கும் சத்தம் கேட்டது. புன்னகை இல்லை, வயிற்றிலிருந்து எழும் பெரிய சிரிப்பு. அதைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. தன்னைத் தவிர யாரோ ஒருவர் அவளை அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறார் என்பது சுருக்கென்று தைத்தது. என்ன சொல்லியிருப்பார்கள்? ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கண்ணாடி முழுக்க ஆவி.

வெளியே வந்தவளின் கன்னம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. திரும்பும் வழி முழுக்க அவள் பேசவில்லை. ‘இந்தத் தீவுதான் நல்லா இருக்கு’ என்று இதோ சொல்வாள், அதோ சொல்வாள் என்று ஃபோல்க்கே காத்திருந்தார். அப்போது எவ்வளவு நேரம் பொய்யாக மறுப்பது என்று கூட ஒத்திகை பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிய பிறகு அவள் சொன்னாள்.

“நீ சொன்னதுதான் சரி, ஃபோல்க்கே. ஹால்லயே வெச்சிடலாம்.”

கல்யாணமாகி முதன்முதலாக ‘நீ சொன்னதுதான் சரி’. அந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார், வேறு எந்த விஷயத்தில் வந்திருந்தாலும்.

“இல்ல, படகுக்குக் கொஞ்சம் காத்து வேணும்னு நினைக்கிறேன்.”

“காத்து தார்ப்பாயைக் கிழிக்கும்னு நீதானே சொன்னே?”

“மிதவை நல்ல மிதவை.”

“சங்கிலி துருப்பிடிச்சிருக்குன்னே.”

நுணலும் தன் வாயால் கெடும். ஃபோல்க்கே வாயை மூடிக்கொண்டார். பிறகு, படுக்கையில் புரண்டபடி, இதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தார். ஹால் பக்கத்தில்தானே? நடந்தே போகலாம். மழை நனைக்காது, விளக்கு இருக்கிறது, ரேடியோ நன்றாக எடுக்கும். ஜன்னலிலிருந்து கூரைதானே தெரியும், உள்ளே உட்கார்ந்திருப்பவனா தெரியப் போகிறான்? மறுநாளே போய் மெத்தை வைத்த மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வந்தார்.

படகுகளைக் கரையேற்றும் நாள் வந்தது. கிரேன் வில்மாவைத் தூக்கியது, பாய்மரத்தைக் கழற்றினார்கள், சக்கர வண்டியில் வைத்து ஹாலின் கடைசி மூலைக்குத் தள்ளினார்கள். வில்மாவுக்குப் பின்னால் இன்னொரு படகு. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு இன்னும் பல. டப்பாவில் மத்தி மீனை அடுக்குவது போல, கை நுழைய இடமில்லாமல் அடுக்கினார்கள். வில்மாவோடு எப்போதும் கூடவே வரும் சின்னத் துடுப்புப் படகை மட்டும் உள்ளே விடவில்லை. உதிரிச் சாமான் எதற்கும் இங்கே இடமில்லையாம்.

“அதை நான் பாத்துக்கறேன்” என்றாள் குன்வோர்.

தோர்னி பொத்தானை அழுத்தினார். அந்த நல்ல கதவு மெள்ள இறங்கி மூடிக்கொண்டது. ஃபோல்க்கே கையை நீட்டினார்.

“என்ன?” என்றார் தோர்னி.

“சாவி. சனிக்கிழமை வரணும்ல.”

“சாவியா? இனிமே ஏப்ரல்லதாங்க திறப்போம். உள்ள யாரும் போக முடியாது, போகவும் விட மாட்டோம். உங்க வீட்டம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனே. நிச்சயமா யாரையும் விட மாட்டீங்களான்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்களே.”

ஃபோல்க்கே மனைவியைப் பார்த்தார். அடியைத் தேய்க்க வேண்டுமே என்று ஈனஸ்வரத்தில் முனகினார்.

“இவங்களே மெஷின் வெச்சுத் தேய்ச்சு, பூச்சும் பூசித் தருவாங்களாம்” என்றாள் அவள். “இனிமே நீ கஷ்டப்பட வேணாம்.”

அந்த வாரம் முழுக்க அவர் யோசித்தார். எதற்காக இவ்வளவு சூழ்ச்சி? யோசிக்க யோசிக்க மனசு இளகியது. பாவம், அவளுக்குத் தனிமை. சனிக்கிழமை கணவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள், வாய் திறந்து கேட்கத் தெரியவில்லை. சரி, ஸ்தூரேயை இருவரும் சேர்ந்தே தாங்கிக்கொள்வோம். சனிக்கிழமை காலை சவரம் செய்து, நல்ல ஸ்வெட்டராகப் பார்த்து மாட்டிக்கொண்டு, மேஜையில் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தார்.

மணி அடித்தது. ஸ்தூரே ஒரு கத்தை பம்புப் படங்களோடு உள்ளே வந்தார். அதே கதவு வழியாக குன்வோர் வெளியே போய்க்கொண்டிருந்தாள். தலையில் கம்பளிக் குல்லா, தோளில் பை, பையிலிருந்து பிளாஸ்க்கின் மூடியும் உப்புத்தாளின் ஓரமும் எட்டிப் பார்த்தன.

“எங்க கிளம்பிட்டே?” என்றார் ஃபோல்க்கே.

“அல்ஷேருக்கு. சின்னப் படகை ஸ்வேயாகிட்ட விட்டிருக்கேன். அதோட அடியைத் தேய்க்கணும்.”

“அது தொட்டி மாதிரி இருக்கு. ஒரு மணி நேர வேலை.”

“தேய்க்கற வேலை எவ்வளவு நேரம் இழுக்கும்னு உனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

ஸ்தூரே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வசதியான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். படங்களை மேஜையில் பரப்பினார்.

“போன குளிர்காலத்துல எதுவரைக்கும் சொன்னேன்? அட, நீ ஒரு சனிக்கிழமை கூட இருந்ததில்லையே மாப்ளே” என்றார். “கவலைப்படாதே. முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்.”