ஒத்துவராது அண்ணையும் ஒரு வள்ளத்தின் படமும்

'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை, மேலே உள்ளதை முழுக்க வாசித்துவிட்டு அழுத்துகிற ஒரே மனிதர் இலங்கையிலேயே எங்கள் கந்தோரில்தான் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னால், "ஆதாரம் இல்லாமல் எழுதாதையுங்கோ தங்கச்சி" என்பார்.

அவருடைய கைபேசி புது மென்பொருளை ஏற்றச் சொல்லித் தினமும் கெஞ்சும். "இன்னும் வாசிச்சு முடியேல்லை" என்று அதற்குப் பதில் சொல்லிப் பையில் போட்டுக்கொள்வார்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்கள் சின்னக் கந்தோர். நிலாவெளி விடுதிகளுக்கும் ஊர்க் கோயில்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கிறோம். யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த தீம்களையும் பிளகின்களையும் எடுத்துப் பொருத்துவோம். தீம் என்பது தளத்துக்கு உடுப்பு. பிளகின், தளத்துக்குப் புதிதாக ஒரு வேலையைப் பழக்குகிற துண்டு. ஒவ்வொன்றோடும் அதை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு லைசென்ஸ் வரும். நாங்கள் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. அண்ணை பார்ப்பார். பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதுவும் அதுவும் ஒத்துவராது" என்பார். 'ஒத்துவராது அண்ணை' என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தவள் நான்தான்.

தன் தங்கையின் கலியாண அழைப்புக் காட்டு அடிக்கப் போன இடத்திலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. அச்சகக்காரர் கணினியில் இருந்த பிள்ளையாரைக் காட்டியிருக்கிறார்.

"இது ஆர் கீறின படம்?"

"தெரியாது தம்பி. பிள்ளையார் எல்லாருக்கும் பொதுதானே."

"பிள்ளையார் பொது. படம் பொதுவில்லை."

கடைசியில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டுக் காட்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இவர்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார்களோ என்று விசாரித்ததாகக் கேள்வி.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான், என் முறை வந்தபோது சிரிக்கவில்லை.

சல்லி என்ற கடற்கரை ஊரின் வள்ளக்காரர்கள், சுற்றுலாப் பயணிகளைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிறவர்கள், இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று தங்கள் தளத்தில் காட்ட ஒரு வழி கேட்டார்கள். நானே ஒரு பிளகின் எழுதினேன். என் முதல் பிளகின். கடல் அமைதி என்றால் பச்சை வள்ளம், கொந்தளிப்பு என்றால் சிவப்பு வள்ளம். சீசன் தொடங்க முதல் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அவர்களுடையது இலவசத் தளம்; எல்லோருக்கும் பொதுவான களஞ்சியத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிளகின்களை மட்டும்தான் அதில் போடலாம். அனுப்பப் போகும் நேரத்தில் அண்ணை என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வள்ளம் ஆரின்ர படம்?"

"இணையத்தில எடுத்தனான். காசில்லைத்தான் அண்ணை."

"காசில்லை எண்டது வேற கதை. காசு உழைக்கப் பாவிக்கக் கூடாதெண்டு கீழ போட்டிருக்கு."

"நாங்கள் விக்கேல்லைத்தானே."

"எங்களிட்ட எடுக்கிறவன் விக்கலாமெண்டு களஞ்சியத்தின்ர லைசென்ஸ் சொல்லுது. விக்காதையெண்டு படம் சொல்லுது. ரெண்டையும் ஒரு பெட்டிக்குள்ள வைக்கேலாது. திருப்பி அனுப்புவாங்கள்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. சீசன் வாசலில் நிற்கிறது, இந்த மனுசன் ஒரு வள்ளத்துக்கு வழக்குப் பேசுகிறார். அப்படியானால் நீங்களே ஒரு வள்ளம் கொண்டு வாருங்கள் என்று கத்திவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு, "வெளிக்கிடுங்கோ" என்றார்.

பஸ் ஏறிச் சல்லிக்குப் போனோம். அங்கே வள்ளங்களுக்கு வர்ணம் பூசிப் பெயர் எழுதும் மார்க்கண்டு ஐயா, கரையிலேயே குந்தியிருந்து அட்டையொன்றில் வள்ளம் கீறித் தந்தார். நான் எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். அண்ணை விடவில்லை. கைபேசியில் குரல் பதிவைப் போட்டுக்கொண்டு மணலில் அமர்ந்தார்.

"ஐயா, இதை உலகத்தில ஆரும் எடுக்கலாம். மாத்தலாம். உங்களுக்குச் சம்மதமோ?"

"ஓம்."

"விக்கவும் செய்யலாம்."

"என்னட்டக் கேக்காமலோ?"

"கேக்காமல்."

ஐயா தூரிகையைக் கீழே வைத்தார். "அப்ப நீங்கள் ஏன் இப்ப வந்து கேக்கிறியள்?"

"இனிமேல் ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை எண்டதுக்காகத்தான் ஐயா இப்ப கேக்கிறம்."

ஐயா தூரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு சம்மதித்தார். ஆனால் படத்தோடு அவர் பெயரையும் போடுவோம் என்றதும் மறுத்தார். வள்ளத்தில் சாமி பெயர் எழுதலாம், முதலாளியின் பிள்ளையின் பெயர் எழுதலாம், பூசினவன் பெயர் எழுதுகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்றார். கீறினவர் பெயர் இல்லாமல் படத்தைக் கொண்டுபோக மாட்டேன் என்று அண்ணை அடம்பிடித்தார். வெயில் ஏறி என் தலை கொதித்த பிறகுதான் ஐயா இறங்கி வந்தார்.

பிளகின் ஏற்றுக்கொள்ளப்பட்டது. களஞ்சியத்தின் சார்பில் பரிசீலித்தவர் படங்களின் உரிமையைத்தான் முதலில் கேட்டார். பதில் எங்களிடம் ஆயத்தமாக இருந்தது. சீசனின் முதல் வாரமே சல்லித் தளத்தில் மார்க்கண்டு ஐயாவின் பச்சை வள்ளம் நின்றது. வள்ளக்காரர்கள் எனக்கு ஒரு பெரிய பாரை மீன் கொண்டுவந்து தந்தார்கள்.

அன்றைக்கே பிளகினில் அண்ணையின் பெயரையும் சேர்க்கப் போனேன். உடனே கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அதில ஒரு வரியும் எழுதேல்லை. ஒரு கோடும் கீறேல்லை. எழுதாதவனுக்கு உரிமை இல்லை தங்கச்சி. பிழையான பேர் போட்டால் முழுதும் பிழை."

வாதாடிப் பார்த்தேன். சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. என் பெயர் இருக்கிறது, மார்க்கண்டு ஐயாவின் பெயர் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் இரண்டுமே அங்கே இருந்திருக்காது. எனக்கு அது இன்றைக்கும் மனதைக் குடைகிறது.

ஆகவே இந்தப் பத்தி. இதில் ஒவ்வொரு வரியும் நானே எழுதியது, உரிமை என்னுடையது, யாருக்குக் கொடுப்பது என்பதும் என் விருப்பம். அண்ணை, இதை உங்களுக்குத் தருகிறேன். முழுக்க வாசித்துவிட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.